ஏட்டில் ஏறாத உழைப்பு

கண்டி மாநகரைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்க்கு ஓர் உண்மை இளமையிலேயே புலப்பட்டுவிடும். காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நின்று கொழுந்து கொய்தாலும், அக்கொழுந்து தராசில் நிறுக்கப்பட்டு, அந்நிறை கணக்கில் எழுதப்பட்டாலன்றி உழைப்பு கூலியாகாது. கூடையிலிருப்பது உழைப்பின் பயன். கணக்கிலிருப்பது அவ்வுழைப்பின் சான்று. நிறுவைக்கு முன்னர்க் கூடை சரிந்து கொழுந்து பள்ளத்திற் சிதறிப்போனால், இத்தனை கிலோ கொய்தேன் என்று வாயாற் சொல்லுதல் பயன்தராது. ஒருநாள் வேலை செக்றோலில் ஏறுவதைத் தோட்டத்து மக்கள் ‘பேர் போடுதல்’ என்று வழங்குவர். பேர் விழாத நாள் உழைத்த நாளாகாது.

இன்றைய மாணவருக்கு இதே அனுபவம் வேறோர் இடத்திலே வாய்க்கின்றது. பாடசாலை முடிந்து, பிரத்தியேக வகுப்பும் முடிந்து, இராப்போசனத்தின் பின் ஓர் இளைஞன் கணினி விளையாட்டில் அமர்கின்றான். கோட்டை கட்டுகின்றான், படை திரட்டுகின்றான், பல நாள் முயன்றும் கைகூடாத ஒரு கட்டத்தை அன்றிரவு தாண்டிவிடுகின்றான். தாயார் அழைக்கின்றார் என்று எழுந்து சென்று மீள்வதற்குள் திரை நீலமாகி, கணினியை நிறுத்த வேண்டாம், இற்றைப்படுத்தல் நடைபெறுகின்றது என்னும் பொருள்பட ஒரு வாசகம் தோன்றி நிற்கின்றது. இயந்திரம் மீண்டும் தொடங்கியபோது கோட்டையுமில்லை, படையுமில்லை. முந்திய கிழமை விட்ட நிலையிலேயே ஆட்டம் நிற்கின்றது. கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் கம்பளையிலுமிருந்து வரும் நம் மாணவர் பலர் இக்கதையைச் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம்.

பெரியோர் இதனைக் கேட்டு நகைப்பர். விளையாட்டுத்தானே, போனாற் போகட்டும் என்பர். நாம் அவ்வாறு நகைக்க விரும்பவில்லை. விளையாட்டை அழிக்கும் அதே கரம், பல்கலைக்கழக விண்ணப்பத்தையும், செயற்றிட்ட அறிக்கையையும், ஆசிரியர் பதிந்த தவணைப் புள்ளிகளையும் அழிக்க வல்லது. ஆதலின் இவ்விழப்பு எவ்வாறு நேர்கின்றது, இற்றைப்படுத்தல் எதற்காக வந்தது, அதனை நிறுத்திவிடுதல் தகுமா, யாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் விளங்குமாறு சுருங்கக் கூறுவோம்.

கணினியின் இருவகை நினைவு

வகுப்பறையிலே கரும்பலகையும் உண்டு, கொப்பியும் உண்டு. கரும்பலகையில் விரைவாக எழுதலாம், விரைவாக அழிக்கலாம்; மணியடித்து அடுத்த ஆசிரியர் வந்தவுடன் அது துடைக்கப்பட்டுவிடும். கொப்பியில் எழுதுதல் மெதுவான வேலையாயினும் அது வீட்டுக்கு வரும், ஆண்டிறுதி வரை நிலைக்கும்.

கணினிக்கும் இவ்விரண்டும் உள. ‘ராம்’ என வழங்கும் தற்காலிக நினைவகம் கரும்பலகை. வன்தட்டு முதலிய நிலைத்த சேமிப்பகம் கொப்பி. ராமினுள்ளே ஒவ்வொரு சிறு தகவலும் நுண்ணிய மின்னேற்றமாக வைக்கப்படுகின்றது. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் என்பவர் கண்டு, 1968 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஓட்டைக் குடத்து நீர்போல இம்மின்னேற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே கணினியானது ஒவ்வொரு சிற்றறையையும் வாசித்து மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை, அதாவது ஒரு செக்கனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல் இது நடைபெறுகின்றது. மின்சாரம் நின்றால் நிரப்புவாரில்லை, குடம் வெறுங்குடமாகும்.

விளையாட்டு நடக்கும்போது அதன் உலகம் முழுவதும் இந்த ஓட்டைக் குடத்திலேதான் இருக்கின்றது. விரைவு வேண்டியிருத்தலின் வேறு வழியில்லை. ‘சேமி’ என்னும் கட்டளை பிறந்த பின்னரே அவ்வுலகத்தின் நிலை கொப்பியில் எழுதப்படுகின்றது.

ஆட்டத்தை இடைநிறுத்தும் கலை

ஆட்டத்தின் நிலையைப் பதிதல் என்றால் என்ன என்பதைச் சதுரங்கம் ஆடுவோர் எளிதில் உணர்வர். முற்காலத்துப் பெரும் போட்டிகளில் ஓர் ஆட்டம் ஒருநாளில் முடியாவிடின் அதனை ஒத்திவைப்பர். காய்கள் நின்ற இடம், அடுத்து ஆடுபவர் யார், இருவரும் செலவிட்ட நேரம் எவ்வளவு என்பன எழுதப்படும். ஆட வேண்டியவர் தம் அடுத்த நகர்த்தலை எவருமறியாது தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரையிட்டு நடுவரிடம் ஒப்படைப்பார். மறுநாள் உறை பிரிக்கப்பட்டு ஆட்டம் தொடரும். கணினிகள் ஆட்டத்தை ஆராய வல்லனவான பின் 1990களில் இவ்வழக்கம் மறைந்தது. முப்பத்திரண்டு காய்களுள்ள ஆட்டத்துக்கே இத்தனை பதிவு வேண்டுமாயின், ஆயிரக்கணக்கான பொருள்கள் அசையும் கணினி விளையாட்டுக்கு எவ்வளவு வேண்டுமென்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்ககால வீட்டு விளையாட்டுப் பொறிகளுக்குக் கொப்பியே இருக்கவில்லை. 1986 இல் யப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டு, ஆட்டத்தின் நிலையை இருபது எழுத்துக் கொண்ட மறைசொல்லாக மாற்றித் திரையிற் காட்டியது. சிறுவர் அதனைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் திரும்ப உள்ளிட வேண்டும். ஓரெழுத்துப் பிழைப்பினும் அத்தனை நாள் உழைப்பும் வீண். ஏடெழுதுவோர் பிழையால் பாட்டுக்கள் சிதைந்த வரலாற்றைப் படித்த தமிழ் மாணவர்க்கு இது புதுமையன்று. அதே 1986 இல் யப்பானில் வட்டிலும், 1987 இல் அமெரிக்காவில் சிறு மின்கலம் பொருத்திய பொதியிலும் வெளியான ‘த லெஜென்ட் ஒவ் செல்டா’, நிலையைத் தன்னுள்ளேயே காத்து வைத்தது. இன்றைய விளையாட்டுகள் பல குறித்த இடங்களை அடையும்போது தாமே சேமித்துக்கொள்கின்றன. எனினும் எல்லாம் அவ்வாறு செய்வதில்லை. எந்நேரமும் சேமிக்க விட்டால் ஆட்டத்தின் அச்சமும் சுவையும் குன்றும் எனக் கருதி, சில விளையாட்டுகளை ஆக்கியோர் சேமிக்குமிடங்களை வேண்டுமென்றே அருகலாக வைத்துள்ளனர். அவ்விரு இடங்களுக்கிடையே கழிந்த நேரமே இழப்புக்கு இலக்காகும் நேரம்.

இற்றைப்படுத்தல் வந்த வரலாறு

மாணவர் ‘அப்டேற்’ என வழங்கும் இற்றைப்படுத்தலாவது, கணினியின் இயக்கத்தை ஆளும் மென்பொருளிற் கண்ட ஓட்டைகளை அடைத்தல். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 98 உடன் 1998 இல் இச்சேவை இணையவழி வந்தது. 2000 ஆம் ஆண்டின் விண்டோஸ் மீ பதிப்பு இதனைத் தானாக நடக்கும் செயலாக்கியது. 2003 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுவதென்ற ஒழுங்கு ஏற்பட்டது. அமெரிக்க மேற்குக் கரையின் முற்பகல் பத்துமணி, நமக்கு அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணியாகும். ஆகவே அந்தச் செவ்வாய் இரவையும், அடுத்து வரும் சில நாள்களையும் நம் மாணவர் நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இற்றைப்படுத்தலுக்கு மீளத்தொடங்கல் ஏன் வேண்டும் என்று வினவுவோர் பலர். கடுகண்ணாவை ஏற்றத்திலே புகையிரதம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் சக்கரங்களின் கீழுள்ள சிலிப்பர்க்கட்டையை மாற்ற இயலுமா? வண்டி நின்று விலகிய பின்னரன்றோ தண்டவாளத்தைத் திருத்தலாம்! கணினி இயங்கும்போது அதன் அடிப்படைக் கோப்புகள் பயன்பாட்டிலே இருக்கும். அவற்றை மாற்ற வேண்டுமாயின் இயந்திரம் ஒருமுறை நின்று எழ வேண்டும். நிற்குமுன் அது திறந்திருக்கும் மென்பொருள்களுக்கெல்லாம் மூடும்படி அறிவிக்கும். எழுத்துப்பணி மென்பொருள்கள், சேமிக்கவா என்று கேட்கும் பழக்கமுடையன. சில தாமே சில நிமிடத்துக்கொரு முறை ஒரு மீட்புப் பிரதியையும் வைத்திருக்கும். விளையாட்டுகளோ பெரும்பாலும் இவ்வறிவிப்பைக் கேட்டுச் சேமிக்குமாறு ஆக்கப்பட்டனவல்ல. மறுமொழி வாராவிடின் அவை வலிந்து மூடப்படும், கரும்பலகை துடைக்கப்படும்.

2015 யூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 இலே இப்பிணக்கு முற்றியது. அதற்கு முந்திய பதிப்புகளில் வேண்டாமென்று ஒதுக்கும் உரிமை உடையவனுக்கு இருந்தது. புதிய பதிப்பின் இல்லப் பாவனையாளருக்கு அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத் தொலைக்காட்சி நிலையமொன்றில், வானிலைப் படம் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே விண்டோஸ் 10 க்கு மாறுமாறு வேண்டும் அறிவித்தல் திரையில் எழுந்து நின்றது. உலகெங்கும் முறைப்பாடுகள் பெருகின.

2016 ஓகஸ்டில் ‘செயற்படு நேரம்’ என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அந்நேரத்துள் கணினி தானாக மீளத்தொடங்காது. ஆயின் முன்னிருப்பாக வைக்கப்பட்ட நேரம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கணினி பாவிப்பவர் அலுவலகத்தார். நம் மாணவர் அந்நேரத்தில் வகுப்பறையிலும் பிரத்தியேக வகுப்பிலும் இருப்பர். அவர்கள் கணினி முன் அமரும் இரவு வேளையோ இயந்திரத்தின் கணக்கில் ஆளில்லா வேளை! மாணவன் தன் பொறியில் அமர்ந்திருக்க, அப்பொறி அவன் உறங்குகின்றான் எனக் கொண்டது. பின்னர் இந்நேர எல்லை பன்னிரண்டு மணியிலிருந்து 2017 இல் பதினெட்டு மணியாக நீட்டப்பட்டது. 2019 மே மாதப் பதிப்பிலே, பாவனையைக் கவனித்துக் கணினி தானே நேரத்தை அமைத்துக்கொள்ளும் வசதியும், இல்லப் பாவனையாளர் 35 நாள் வரை இற்றைப்படுத்தலை ஒத்திவைக்கும் வசதியும் வந்தன. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது.

நிறுத்திவிடலாமா?

ஒருமுறை இழந்தவன், இனி இற்றைப்படுத்தலே வேண்டாம் என்று அதனை முற்றாக முடக்க வழி தேடுகின்றான். நண்பர்களும் அதற்கான உபாயங்களைக் கற்பிக்கின்றனர். எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துதலை ஒத்த செயல் இது.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டைக்கு அடைப்பு வெளியிடப்பட்டது. அதனை இடாதிருந்த கணினிகளைத் தேடி, அவ்வாண்டு மே 12 அன்று ‘வன்னகிறை’ என்னும் தீநிரல் பரவியது. 150 நாடுகளுக்கு மேல், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டு, கோப்புகளைத் திறக்கக் கப்பம் கோரப்பட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் இரத்தாயின. மருந்து இரண்டு மாதமாகக் கையிலிருந்தும் உண்ணாதவர் கதை இது.

நம் நாட்டின் கதை இன்னும் அணித்தானது. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பங்கோரும் தீநிரலுக்கு இரையாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுக்கு மாற்றுப்பிரதி இல்லாமையால் அது மீளப்பெற முடியாததாயிற்று. அங்கு பயன்பட்ட மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆக்கியோரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இற்றைப்படுத்தாமை ஒன்று, பிரதி வையாமை ஒன்று. இரண்டும் சேர்ந்தபோது ஓர் அரசே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பதிவை இழந்தது. மாணவனொருவன் ஓரிரவு ஆட்டத்தை இழந்ததற்கும் இதற்கும் அளவிலன்றி வகையில் வேற்றுமையில்லை.

எனினும் நடுநிலை பிறழாது கூறின், இற்றைப்படுத்தலும் பிழை செய்வதுண்டு. 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 இன் பதிப்பொன்று சிலருடைய சேமித்த கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாளில் அது மீளப்பெறப்பட்டு, நவம்பரில் திருந்திய வடிவில் வந்தது. 2024 யூலை 19 அன்று ‘கிறவுட்ஸ்ரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் விடுத்த பிழையான இற்றைப்படுத்தலொன்றால் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்து, விமானங்கள் பல நின்றன. ஆகவே கொப்பியில் எழுதினால் மட்டும் போதாது. அக்கொப்பிக்கும் ஒரு பிரதி வேண்டும் என்பது பெறப்படுகின்றது.

மலைநாட்டுக்குரிய இன்னோர் இடர்

கண்டிப் பகுதியில் வாழ்வோர்க்கு இற்றைப்படுத்தல் ஒன்றே பகையன்று. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் வேளையில் இடியும் மின்னலும் கூடிய மழை ஹந்தானை மலைமேல் கவிந்துவரக் காண்கின்றோம்; மின்சாரம் சொல்லாமற் போகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச் 31 அன்று மின்வெட்டு பதின்மூன்று மணிநேரமாக நீண்டது. இதிலே ஒரு விந்தையுண்டு. அட்டவணையிட்டு வெட்டியபோது மாணவர் நேரமறிந்து முன்னரே சேமித்தனர். அறிவியாது வந்த ஐந்து நிமிடத் தடையே அவர்தம் வேலையை அழித்தது. முன்னறிவித்த பெருந்துன்பத்தினும் அறிவியாத சிறுதுன்பம் கொடிது. தானியங்கு இற்றைப்படுத்தல் தந்த சினத்துக்கும் இதுவே காரணம்: இயந்திரம் நின்றது பற்றியன்று, தன்னைக் கேளாமல் நின்றது பற்றியே உடையவன் வெகுள்கின்றான். அவ்வெகுளி நியாயமானதே.

செய்யத்தக்கன

மூன்று மீன்களின் கதையை நாம் கீழ்வகுப்பிலே படித்திருக்கின்றோம். வருமுன் காத்த மீனாக விரும்புவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராக.

முதலாவதாக, கணினியின் அமைப்புகளுட் சென்று ‘விண்டோஸ் அப்டேற்’ பகுதியிலே செயற்படு நேரத்தைத் தம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றுக. பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை கணினி பாவிக்கும் மாணவனுக்கு அலுவலக நேரம் பொருந்தாது.

இரண்டாவதாக, பரீட்சைக் காலத்திலும் முக்கிய வேலை நடக்கும் காலத்திலும் இற்றைப்படுத்தலைச் சில நாள் ஒத்திவைக்கலாம், முடக்கலாகாது. ஒத்திவைத்தவன் ஓய்வான ஒரு ஞாயிறு காலையைத் தெரிந்து, எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தானே அதனை நடத்துக.

மூன்றாவதாக, இருக்கையை விட்டு எழுமுன் சேமிக்க. கணினியை உறக்கநிலையில் விடுதல் பதிவாகாது; உறங்கும் கணினியின் நினைவு அந்த ஓட்டைக் குடத்திலேயே இருக்கின்றது.

நான்காவதாக, தானாகச் சேமிக்கும் அடையாளம் திரையின் மூலையிற் சுழலும்போது இயந்திரத்தை நிறுத்தாதொழிக. பாதி எழுதிய பதிவு பழையதுமாகாது, புதியதுமாகாது, பழுதாகும். இக்காரணத்தால் ஓரிடத்தில் மட்டும் சேமியாது, இரண்டு மூன்று இடங்களில் மாறிமாறிச் சேமித்தல் அறிவுடைமை.

ஐந்தாவதாக, சேமித்த கோப்புகளைக் கிழமைக்கொரு முறை வேறொரு பென்டிரைவிலோ இணையச் சேமிப்பகத்திலோ பிரதிசெய்க. மேசைக் கணினி வைத்திருப்போர் யூ.பி.எஸ். ஒன்று வாங்க இயலுமாயின் மிக நன்று. மடிக்கணினியின் மின்கலமே அதற்கு யூ.பி.எஸ். ஆகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை ஆட்டத்தை இழந்து கலங்கி நிற்கையில் ஏளனஞ் செய்யற்க. அவன் பொறுமையுடன் செய்ததொன்று அழிந்துவிட்டது, அத்துயரம் மெய். அந்த வேளையிற் பரிவுடன் கூறப்படும் அறிவுரையே அவன் மனத்திற் பதியும்; அடுத்த ஆண்டு அவன் தன் செயற்றிட்ட அறிக்கைக்கு இரண்டு பிரதி வைப்பான். அவனிடம் கூறத்தக்க ஆறுதலும் ஒன்றுண்டு. அழிந்தது ஆட்டத்தின் நிலை; அதனை வென்ற கைப்பழக்கம் அழியவில்லை. முதன்முறை ஒரு மாதம் கொண்ட வழியை இரண்டாம் முறை சில நாளிலே கடப்பான்.

ஆயின் எல்லா இழப்புக்கும் அவ்வாறுதல் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில பாட்டுக்களளவாகவே எஞ்சியுள்ளன. அவற்றை யாத்த புலவர் மீண்டு வந்து பாடப்போவதில்லை. ஓலை நிலைக்கும் காலம் சிறிது. செல்லரிக்குமுன் இன்னோர் ஓலையிற் படியெடுத்தவை பிழைத்தன, படியெடாதவை பெயரளவாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832 இல் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், இற்றுப்போகும் ஏடுகளைத் தேடியெடுத்து வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். அச்சேறிய நூல் நூற்றுக்கணக்கான இல்லங்களில் ஒரே வேளையில் இருந்தமையால் எந்த ஒரு தீயாலும் வெள்ளத்தாலும் அதனை முற்றாக அழித்தல் அரிதாயிற்று. பெரியார் செய்த அப்பணியும், மாணவன் ஒரு விசையை அழுத்திச் செய்யும் சேமிப்பும், பின் அதற்கெடுக்கும் பிரதியும் ஒரே அறத்தின் பெரிதும் சிறிதுமாகிய வடிவங்களாம்.

இம்மலரைப் படித்து முடித்த மாணவர் இன்றிரவே தம் கணினியின் செயற்படு நேரத்தை ஒருமுறை பார்ப்பாராக. பழைய மாணவ அன்பர்கள் தம்மிடமுள்ள கல்லூரிப் புகைப்படங்களுக்கும் கடிதங்களுக்கும் ஒவ்வொரு பிரதியெடுத்து வேறோரிடத்தில் வைப்பாராக. இரண்டுக்கும் அரைமணி நேரம் போதும்.